கதிர்வீச்சு கொடுத்த அந்துப்பூச்சியை வயலில் விட்டால் காய்ப்புழு ஒழியுமா?

கரிசல்காட்டான்
எல்லோருக்கும் வணக்கம். பெரம்பலூர் பக்கம் நாலு ஏக்கரில் மானாவாரிப் பருத்தி போடுகிறேன். போன தை மாதம் முதல் எடுப்பு பழுதில்லை. இரண்டாம் எடுப்புக்குப் போனால், காய் வெளியே பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது, பிளந்தால் உள்ளே ரோஸ் நிறத்தில் புழு, பஞ்சு பழுப்பேறி, இரண்டு விதை ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு அதற்குள் குடியிருக்கிறது. நாலு தடவை மருந்து அடித்தேன். காய்க்குள் இருக்கிற புழுவுக்கு மேலே அடிக்கிற மருந்து தூறல் மாதிரிதான் போலிருக்கிறது.

இப்போது வாட்ஸப்பில் ஒரு வீடியோ சுற்றுகிறது. அமெரிக்காவில் இதே புழுவின் தாய்ப்பூச்சியைக் கோடிக்கணக்கில் வளர்த்து, அணுக்கதிர் காட்டி மலடாக்கி, விமானத்தில் கொண்டுபோய்த் தூவி, புழுவையே ஒழித்துவிட்டார்களாம். மருந்துக் கம்பெனிகள்தான் இங்கே வரவிடாமல் தடுக்கிறார்களாம். இதில் எது உண்மை? அப்புறம் எனக்குப் புரியாத ஒன்று: மலடோ என்னவோ, அதுவும் பூச்சிதானே? இருக்கிற பூச்சி போதாதென்று இன்னும் கொண்டுவந்து விட்டால் காயை யார் தின்பது?

சந்தேகி
வாட்ஸப் பல்கலைக்கழகத்தில் இன்னொரு பட்டமளிப்பு விழா :) பூச்சியை ஒழிக்கப் பூச்சியையே வாங்கி விடு, கூடவே கொஞ்சம் அணுக்கதிர். கேட்கும்போதே தெரியவில்லையா அண்ணே?

ஆமணக்கு
சந்தேகி, இந்த ஒரு தடவை வாட்ஸப் முக்கால்வாசி சரியாகச் சொல்லியிருக்கிறது. நான் பூச்சியியல் படித்தவள், முதுகலை ஆய்வே இதுதான், அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் கரிசல்காட்டான் அண்ணனின் கேள்வி. காயைத் தின்பது புழு. பறக்கிற அந்துப்பூச்சிக்குக் கடிக்கிற வாயே கிடையாது, உறிஞ்சு குழல்தான், தேனோ தண்ணீரோ குடித்துவிட்டு ஜோடி தேடுவதோடு அதன் வேலை முடிந்தது. அதனால் எத்தனை லட்சம் பூச்சி விட்டாலும் அந்தப் பூச்சிகளால் காய்க்கு ஒன்றும் ஆகாது. அவை போடுகிற முட்டை பொரிந்தால்தான் வம்பு.

அமெரிக்கக் கதை உண்மை. இளஞ்சிவப்புக் காய்ப்புழு அங்கே வந்தேறி, 1917-ல் டெக்சாஸில் கண்டுபிடித்தார்கள். பூர்வீகம் நம்ம பக்கம் என்றே சொல்லலாம், 1843-ல் சாண்டர்ஸ் என்பவர் இதற்கு முதன்முதலில் அறிவியல் பெயர் வைத்ததே இந்தியப் பருத்தியில் பிடித்த பூச்சியை வைத்துத்தான். அரிசோனாவில் பல பத்தாண்டுகள் பருத்திக்காரர்களை அழவைத்தது. 1996-ல் பிடி பருத்தி, அதாவது புழுவைக் கொல்லும் மரபணு சேர்த்த பருத்தி, வந்தபோது அடங்கியது. ஆனால் அடங்கியதே தவிர ஒழியவில்லை. 2006-லிருந்து ஃபீனிக்ஸ் நகரத்தில் இருந்த பூச்சித் தொழிற்சாலையில் வளர்த்து, கோபால்ட்-60 கதிர் காட்டி, குளிரவைத்து மயங்கின நிலையில் சின்ன விமானங்களில் ஏற்றி வயல்களின் மேல் தூவினார்கள். 2014 வரைக்கும் மொத்தமாக 1100 கோடிக்கும் மேல். 2018 அக்டோபரில் அமெரிக்கப் பருத்தி மண்டலத்தில் இந்தப் புழு இல்லை என்று அவர்கள் வேளாண் துறையே அறிவித்துவிட்டது.

மருந்துக் கம்பெனி சதி என்பது மட்டும் வீடியோ எடுத்தவரின் சொந்தச் சரக்கு.

சந்தேகி
சரி, தவறு என்னுடையது. ஆனால் 1100 கோடி பூச்சியும் கதிர்வீச்சு பட்டவை. அதை ஊர் மேலேயே தூவுகிறார்கள். காக்கா தின்னும், கோழி தின்னும், அந்தக் கோழியை நாம் தின்போம். அதற்கு என்ன பதில்?

வாத்தியார்58
அதற்கு நான் பதில் சொல்கிறேன், 30 வருடம் பிளஸ் டூ உயிரியல் எடுத்தவன். காமா கதிர் பட்ட பொருள் கதிரியக்கப் பொருளாக மாறாது. நெஞ்சில் எக்ஸ்ரே எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வருகிறீர்கள், பேரனைத் தூக்கிக் கொஞ்சுகிறீர்கள், அவனுக்கு என்ன ஆகிவிட்டது? டார்ச் அடித்தால் சுவர் வெளிச்சமாகிறது, டார்ச்சை அணைத்த பிறகு சுவர் எரிந்துகொண்டா இருக்கிறது? கோபால்ட் என்கிற உலோகம் கவசப் பெட்டிக்குள்ளேயே இருக்கிறது, பூச்சி உள்ளே போய்விட்டு வெளியே வருகிறது, அவ்வளவுதான்.

எனக்கும் ஒரு சந்தேகம் மேடம். 1927-ல் முல்லர் பழ ஈக்கு எக்ஸ்ரே காட்டி மரபணு மாற்றம் வரவைத்தார், அப்புறம் நிப்ளிங் என்கிற அமெரிக்கர் மாட்டுப் புண்ணில் முட்டையிடும் ஈயை இந்த முறையில் 1954-ல் குராசாவ் தீவில் ஒழித்தார் என்று பாடம் நடத்தியிருக்கிறேன். ஈக்கு வேலை செய்தது சரி. அந்துப்பூச்சி கதிரைத் தாங்கும், அதனால் அதற்கு இந்த முறை சிரமம் என்று எங்கோ படித்த ஞாபகம்.

ஆமணக்கு
சார், நீங்கள் படித்தது சரி. அந்தச் சிரமம்தான் பிறகு வசதியாகப் போய்விட்டது. இந்த விஷயத்தில் எனக்குப் பிடித்த இடமே அதுதான்.

கதிரின் அளவை கிரே என்கிற அலகில் சொல்வோம். மனிதன் உடம்பு முழுக்க 4, 5 கிரே வாங்கினாலே பிழைப்பது கஷ்டம். ஈ வகையில் ஆணை முழு மலடாக்க 100 கிரே பக்கம் போதும், அதற்குக் குறைவிலேயே முடிகிற ஈக்களும் உண்டு. அந்துப்பூச்சி ஆணை முழு மலடாக்கப் பல இனங்களில் 300, 400 என்று போக வேண்டியிருக்கிறது. பெண் அவ்வளவு தாங்காது, 100-லிருந்து 200-க்குள் பெரும்பாலும் முடிந்துவிடும்.

ஏன் இந்த வித்தியாசம்? நமக்கும் ஈக்கும் குரோமோசோமில் சென்ட்ரோமியர் ஓர் இடத்தில் மட்டும் இருக்கும், செல் பிரியும்போது நூல் வந்து பிடித்து இழுக்கிற கொக்கி அது. கதிர் பட்டு குரோமோசோம் உடைந்தால் கொக்கி இல்லாத துண்டு எந்தப் பக்கமும் போகாமல் தொலைந்துவிடும், அந்தக் கரு செத்துவிடும். அந்துப்பூச்சிக்கும் வண்ணத்துப்பூச்சிக்கும் அந்தக் கொக்கி குரோமோசோமின் நீளம் முழுக்கப் பரவியிருக்கிறது. கீரைக்கட்டை ஒரே இடத்தில் கட்டினால் ஒரு வெட்டில் பிரிந்துவிடும், அடியிலிருந்து நுனி வரை சுற்றிக் கட்டினால் வெட்டின துண்டும் கட்டாகவே இருக்குமே, அது மாதிரி. உடைந்த துண்டையும் நூல் பிடித்து இழுத்துவிடுகிறது. துண்டுகள் இடம் மாறி வேறு எதிலாவது ஒட்டிக்கொள்கின்றன. கரு பிழைத்து, புழு வந்து, பூச்சியும் ஆகிவிடுகிறது.

ஆனால் கணக்கு அங்கே முடியவில்லை, அடுத்த தலைமுறைக்குத் தள்ளிப்போயிருக்கிறது. அந்தப் பிள்ளை வளர்ந்து தன் விந்தையோ முட்டையையோ உருவாக்கும்போது, இடம் மாறி ஒட்டிய துண்டுகளால் ஒரு செல்லுக்கு ஒன்று கூடுதல், இன்னொன்றுக்கு ஒன்று குறைவு என்று எல்லாம் தாறுமாறாகிறது. அது போடுகிற முட்டை பொரிவதில்லை. அதாவது கதிர் வாங்கிய அப்பன் அரை மலடு, கதிரையே பார்க்காத பிள்ளை அப்பனைவிடப் பெரிய மலடு. இதைத்தான் வாரிசு மலட்டுத்தன்மை என்கிறோம். கனடாவில் ஆப்பிள் அந்துப்பூச்சியை வைத்து ஆய்வு செய்த பிராவெர்ப்ஸ் 1962 வாக்கிலேயே இதை எழுதிவிட்டார்.

நிலாப்பிறை
நான் ஐடி, பருத்திக்கும் எனக்கும் சட்டையோடு சரி. "கதிரையே பார்க்காத பிள்ளை அப்பனைவிடப் பெரிய மலடு" என்ற வரியை மூன்று தடவை படித்தேன். இது நிஜமா? மலட்டுத்தன்மை எப்படிப் பரம்பரையாக வரும், மலடாக இருந்தால் பரம்பரையே இருக்காதே??

ஆமணக்கு
ஹா ஹா, வகுப்பில் நானும் இதையேதான் கேட்டேன். அப்பனுக்கு அரைகுறை மலடு, அதனால் பிள்ளை உண்டு. பிள்ளைக்குக் கிட்டத்தட்ட முழு மலடு, அதனால் பேரன் இல்லை.

கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன். என் ஆய்வு புரோடீனியாவில், நிலக்கடலை, ஆமணக்கு எல்லாவற்றையும் தின்கிற அந்தப் புழு. ஆண் கூட்டுப்புழுவைக் கதிர் அறையில் வைத்து எடுத்து, பூச்சியாக வந்ததும் கதிர் படாத ஒரு பெண்ணோடு கண்ணாடிச் சாடியில் விடுவோம், தேன் தண்ணீரில் நனைத்த பஞ்சு உருண்டை ஒன்று, ஆமணக்கு இலை ஒன்று. இரவில் முட்டை போடும், குவியலாக, மேலே அம்மாவின் வயிற்று ரோமம் பழுப்பாக மூடியிருக்கும். அதை மெல்லிய தூரிகையால் விலக்கி எண்ண வேண்டும். நல்ல முட்டை என்றால் மூன்றாம் நாள் வாக்கில் கறுக்கும், உள்ளே புழுவின் தலை தெரிவது அது. கதிர் வாங்கிய அப்பனின் குவியலில் பாதி கறுக்கும், பாதி வெளுப்பாகவே இருந்து சுருங்கும். பிழைத்ததை வளர்த்து, அடுத்த தலைமுறையை ஜோடி சேர்த்தால், குவியல் முழுக்க வெளுப்பு. எங்கோ ஒன்றிரண்டு கறுப்புப் புள்ளி. ராத்திரி பதினொரு மணிக்கு லென்ஸ் வழியாக அதைப் பார்த்தபோது முட்டையை வெயிலில் வைத்துக் கெடுத்துவிட்டேனோ என்று பயந்து, பக்கத்துச் சாடியில் இருந்த கதிர் படாத ஜோடியின் முட்டையைப் போய்ப் பார்த்தேன். அது கறுகறுவென்று இருந்தது. அப்புறம்தான் மூச்சு வந்தது.

இன்னொன்று, பிழைக்கிற பிள்ளைகளில் ஆண்தான் அதிகம். மனிதரில் ஆணுக்கு எக்ஸ் ஒன்று, பெண்ணுக்கு இரண்டு. அந்துப்பூச்சியில் தலைகீழ், ஆணுக்கு இசட் இரண்டு, பெண்ணுக்கு ஒன்றுதான், அந்த ஒன்றும் அப்பனிடமிருந்து வருவது. அப்பனின் இசட் கதிரில் கெட்டிருந்தால் மகனைக் காப்பாற்ற அம்மா கொடுத்த இசட் இருக்கிறது, மகளுக்கு மாற்று இல்லை. அதனால் மகள்கள் சாகிறார்கள், மகன்கள் பிழைக்கிறார்கள். பிழைத்த மகன்களும் மலட்டு மாப்பிள்ளைகள், வயலில் சுற்றி இன்னும் நாலு பெண் பூச்சியை வீணடிப்பார்கள். வளர்வதும் மெதுவாகத்தான்.

கரிசல்காட்டான்
அக்கா, ஒரு கேள்வி. எதற்கு இந்த அரைகுறை? 400-ஓ 500-ஓ கொடுத்து முழுசாக மலடாக்கி விட்டால் பேரன் வரைக்கும் காத்திருக்க வேண்டாமே. மருந்தை அரை அளவு அடித்தால் புழு பழகிவிடும் என்று நீங்கள் படித்தவர்கள்தானே எங்களைத் திட்டுகிறீர்கள்!

ஆமணக்கு
நல்ல அடி அண்ணே :) ஆனால் இது வேறு.

அதிகக் கதிர் வாங்கிய ஆண் உயிரோடு இருக்கும், ஆனால் தெம்பு இருக்காது. ஒழுங்காகப் பறக்காது, பெண்ணின் வாசனை பிடித்துத் தேடிப் போவதில் பின்தங்கும். போய்ச் சேர்ந்தாலும் இன்னொரு பிரச்சனை. அந்துப்பூச்சிக்கு இரண்டு வகை விந்தணு உண்டு, ஒன்றில் மரபுப் பொருள் இருக்கும், மற்றதில் இருக்காது. உண்மையான விந்தணு போதுமான அளவு வந்து சேராவிட்டால் பெண் இன்னொரு ஆணைத் தேடப் போய்விடும், உங்கள் உழைப்பு வீண்.

ஒரு மனக்கணக்கு, எண்கள் விளக்கத்துக்கு மட்டும். வயலில் 10 காட்டு ஆண், நாம் விட்டது 90. முழு மலடு, ஆனால் கால் பங்கு தெம்பு என்றால் அந்த 90-ம் 22 ஆணுக்குத்தான் சமம், மூன்றில் ஒரு பெண் பூச்சி காட்டு ஆணோடு போய்விடும். அரை மலடு, முக்கால் தெம்பு என்றால் 90-ம் 67-க்குச் சமம், எட்டில் ஒன்றுதான் தப்பிக்கும். மற்ற ஏழின் பிள்ளைகளும் மலடு. நிப்ளிங்கே 1970-ல் இந்தக் கணக்கைப் போட்டு அந்துப்பூச்சிக்கு அரை மலடுதான் மேல் என்று எழுதினார். டெல்லி பல்கலைக்கழகத்தில் புரோடீனியா ஆணுக்கு 100, 130 கிரே கொடுத்து இதையே விரிவாகப் பார்த்திருக்கிறார்கள்.

சந்தேகி
இப்போதுதான் பிடித்தேன். அந்த ஏழு பெண்கள் போட்ட முட்டையில் பாதி பொரிகிறதே, அந்தப் புழு பட்டினி கிடக்குமா? அது மலட்டுப் பிள்ளையாக இருந்துவிட்டுப் போகட்டும், இந்த வருடம் என் காயை அது தின்றுவிடும். பேரன் பிறக்காததால் எனக்கு அடுத்த வருடம் லாபம், இந்த வருடம் கடன்காரனுக்கு நான் என்ன சொல்வது?

ஆமணக்கு
இதற்கு நேரான பதில்: ஆமாம், தின்னும். இந்த முறையின் உண்மையான பலவீனம் அது. அதனால்தான் பூச்சி ஏற்கெனவே அடர்த்தியாக இருக்கிற வயலில் இதை ஆரம்பிப்பதில்லை. பருவத் தொடக்கத்தில் பூச்சி குறைவாக இருக்கும்போது, அல்லது வேறு வழியில் குறைத்துவிட்டு, அப்புறம் விடுவார்கள். ஒரு புழுகூட ஆகாது என்கிற இடங்களில் அளவைக் கூட்டி, பிள்ளையே பெரிய அளவில் வராதபடி பார்த்துக்கொள்வார்கள். அரிசோனாவில் பிடி பருத்தி பெரும்பாலான புழுவைக் கொன்றதால்தான் மிச்சத்தை மலட்டுப் பூச்சியால் துடைக்க முடிந்தது. வீடியோவில் இதைச் சொல்லியிருக்க மாட்டார்கள்.

கெலோனா_கண்ணன்
இந்த இழையைப் பார்த்ததும் உள்ளே வராமல் இருக்க முடியவில்லை. நான் இருப்பது கனடா, பிரிட்டிஷ் கொலம்பியாவில் ஒக்கனாகன் பள்ளத்தாக்கு, ஊர் முழுக்க ஆப்பிள் தோட்டம். வந்த புதிதில் இரண்டு கோடைக்காலம் தோட்ட வேலை பார்த்தேன். ஆமணக்கு சொன்ன அந்த ஆப்பிள் அந்துப்பூச்சிக்கு இங்கே 1990-களில் மலட்டுப் பூச்சித் திட்டம் தொடங்கினார்கள். ஓசயூஸ் என்கிற ஊரில் பூச்சித் தொழிற்சாலை வைத்தார்கள். நான் பார்த்த வரை நாலு சக்கர மோட்டார் வண்டியில் ஒருவர் மரவரிசைக்குள் வருவார், குளிர்ப்பெட்டியிலிருந்து பூச்சி தூவிக்கொண்டே போவார், மயங்கிக் கிடந்தவை வெயில் பட்டதும் எழுந்து பறக்கும்.

முட்டாள்தனமாக ஒரு நாள் பொறியைப் பார்க்க வந்த அம்மாவிடம் கேட்டேன், பொறியில் விழுகிற பூச்சி உங்களுடையதா காட்டுப்பூச்சியா எப்படித் தெரியும் என்று. அந்த அம்மா ஒன்றும் பேசவில்லை, ஒட்டுப்பலகையில் இருந்த ஒரு பூச்சியின் வயிற்றைக் குச்சியால் நசுக்கினார். குங்குமம் மாதிரி சிவப்பு. பக்கத்தில் இருந்த இன்னொன்றை நசுக்கினார், வெளிறிய சாறு. தொழிற்சாலையில் புழுவுக்குக் கொடுக்கிற தீனியிலேயே சிவப்புச் சாயம் கலந்துவிடுவார்களாம், அது பூச்சியான பிறகும் வயிற்றுக் கொழுப்பில் இருக்குமாம். இரண்டாவது பூச்சியைப் பார்த்ததும் அவர் முகம் மாறிவிட்டது, உடனே நோட்டில் எழுதிக்கொண்டார்.

வேடிக்கை என்னவென்றால் இதற்குத் தோட்டக்காரர் மட்டும் பணம் கட்டுவதில்லை, ஊரில் வீடு வைத்திருப்பவர்களின் சொத்து வரியிலும் ஒரு பங்கு போகிறது. அந்தப் பணத்தைப் பற்றிப் புலம்பாத ஆள் கிடையாது. வீட்டுக் கொல்லையில் ஓர் ஆப்பிள் மரத்தைக் கவனிக்காமல் விட்டாலும் அதிலிருந்து பூச்சி தோட்டத்துக்குப் போகும், அதனால் ஊரே கட்டு என்பது அவர்கள் வாதம்.

வாத்தியார்58
கண்ணன் சொன்ன கடைசி விஷயம் கவனிக்க வேண்டியது. ஒருவர் மட்டும் செய்தால் பிரயோஜனம் இல்லை. பூச்சிக்கு வரப்பு தெரியாது.

ஆமணக்கு
சாயம் பருத்திப்பூச்சிக்கும் உண்டு, அதே முறைதான். கனடாவில் ஆரம்பத்தில் 250 கிரே கொடுத்துக்கொண்டிருந்தார்கள், பிறகு 150-க்கு இறக்கினார்கள், பூச்சி தெம்பாகப் பறக்கட்டும் என்று. 1976-லிருந்து 78 வரை சிமில்கமீன் பள்ளத்தாக்கில் பிராவெர்ப்ஸ் பெரிய அளவில் சோதித்தபோதே பூச்சி அடங்கிவிட்டது, ஆனால் மருந்து அடிப்பதைவிடச் செலவு அதிகம் என்று அப்போது கிடப்பில் போட்டுவிட்டார்கள்.

நியூசிலாந்துக் கதையும் அழகு. ஆக்லாந்தில் 1999-ல் ஆஸ்திரேலியாவிலிருந்து ஓர் அந்துப்பூச்சி வந்து புகுந்தது. அதன் பெண்ணுக்கு இறக்கை பேருக்குத்தான், பறக்காது. விமானத்திலிருந்து உயிரி மருந்து தெளித்து ஊரே சண்டைக்கு வந்தது. கூடவே 2003-ல் கதிர் கொடுத்த ஆண்களையும் விட்டார்கள். 2006-ல் ஒழிந்தது என்று அறிவித்தார்கள்.

மாங்கனி_வியாபாரி
கிருஷ்ணகிரியில் மாம்பழம் ஏற்றுமதி செய்கிறவன். நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். 2007-லிருந்து அமெரிக்காவுக்குப் போகிற நம்ம மாம்பழத்துக்குக் கதிர் காட்டித்தானே அனுப்புகிறோம், முதலில் நாசிக் பக்கம் லாசல்காவ் நிலையத்தில். அங்கே 400 கிரே என்பார்கள். அதுவும் இதுவும் ஒன்றா?

ஆமணக்கு
ஒரே கதிர், வேறு நோக்கம். அங்கே பழத்துக்குள் இருக்கிற பூச்சி அங்கேயே சாகாவிட்டாலும் பரவாயில்லை, போன ஊரில் இனம் பெருக்கக் கூடாது, அவ்வளவுதான். சுவாரசியம் என்னவென்றால், அந்த 400 கிரே பொது அளவு எல்லாப் பூச்சிக்கும் செல்லும், ஆனால் விதியிலேயே ஒரு விலக்கு உண்டு: அந்துப்பூச்சி வகையின் கூட்டுப்புழுவும் வளர்ந்த பூச்சியும் அதில் சேராது. மேலே சொன்ன அதே கொக்கிக் கதைதான் காரணம்.

மாங்கனி_வியாபாரி
அட. இத்தனை வருடம் படிவத்தில் அந்த வரியைப் படித்துக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன், ஏன் என்று கேட்டதே இல்லை.

சந்தேகி
இன்னொரு சந்தேகம், கடைசி என்று சத்தியம் பண்ண மாட்டேன். மருந்துக்குப் புழு பழகுகிறது, பிடி பருத்திக்கும் பழகிவிட்டது. இதற்குப் பழகாதா? மலட்டு மாப்பிள்ளையை ஒதுக்கத் தெரிந்த பெண் பூச்சிதானே அதிகப் பிள்ளை பெறும்?

ஆமணக்கு
நடந்திருக்கிறது! அந்துப்பூச்சியில் இல்லை, ஈயில். ஜப்பானில் ஒகினாவா தீவில் பூசணி வகைகளைத் தாக்குகிற ஈயை ஒழிக்கும்போது, ஒரு பகுதியில் மலட்டு ஆண்களை ஒதுக்குகிற காட்டுப் பெண் ஈக்கள் தோன்றியதைப் பார்த்தார்கள். ஆனாலும் எண்ணிக்கையால் அடித்து 1993-க்குள் ஒழித்துவிட்டார்கள். வளர்ப்புக் கூண்டில் தலைமுறை தலைமுறையாகச் சொகுசாக வளர்ந்த ஆணுக்குக் காட்டு வழக்கம் மறந்துபோவதும் உண்டு, அதனால் அவ்வப்போது காட்டுப்பூச்சியைப் பிடித்துவந்து கலப்பார்கள்.

கரிசல்காட்டான்
எல்லாம் சரி, எங்களுக்கு எப்போது வரும்? அதைச் சொல்லுங்கள்.

ஆமணக்கு
அண்ணே, மனதில் பட்டதைச் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளக் கூடாது. பருத்திக்கு இப்போதைக்கு வராது என்றே நினைக்கிறேன். அரிசோனாப் பருத்தி ஏறக்குறைய ஒரு லட்சம் ஹெக்டேர், ஒவ்வொரு பண்ணையும் கண்ணுக்கு எட்டாத பெரிசு. அதற்கே வருடத்துக்கு 200 கோடி பூச்சி தேவைப்பட்டது. இந்தியாவில் சுமார் 120 லட்சம் ஹெக்டேர், எல்லாம் இரண்டு ஏக்கர், நாலு ஏக்கர். நம் மாநிலத்தில் ஆவணியில் ஒருவர் விதைக்கிறார், மாசியில் இறவைப் பருத்தி இன்னொருவர், டெல்டாவில் நெல் அறுத்த தரிசில் மற்றொருவர். புழுவுக்கு வருடம் முழுக்க விருந்து. பூச்சி குறைவாக இருக்கிற காலம் என்று ஒன்று இருந்தால்தானே அதில் மலட்டுப் பூச்சியை இறக்க முடியும்.

சந்தேகி
ஒப்புக்கொள்ள மாட்டேன். ஆச்சரியமாக இருக்கிறதா, இப்போது நான் அந்தப் பக்கம் :) இந்தியா முழுக்க எதற்கு? ஒரு பள்ளத்தாக்கு, மலை சூழ்ந்த ஒரு வட்டாரம் என்று எடுத்துச் செய்யலாமே. கனடாக்காரன் ஒரு பள்ளத்தாக்கில்தானே செய்தான். கலிபோர்னியாவிலும் அப்படித்தானே?

ஆமணக்கு
கலிபோர்னியாவிலும் சான் ஹொவாகின் பள்ளத்தாக்கில் 1960-களின் கடைசியிலிருந்தே இந்தக் காய்ப்புழு உள்ளே குடியேறாமல் இருக்க மலட்டுப் பூச்சி விட்டு வந்தார்கள், உண்மைதான். தனித்துக் கிடக்கிற வட்டாரம் கிடைத்தால் சாத்தியம் என்பதை மறுக்க மாட்டேன். ஆனால் பூச்சி வளர்ப்பை லேசாக நினைக்காதீர்கள். நான் வளர்த்தது சில ஆயிரம்தான். கொண்டைக்கடலை மாவு, அகர், ஈஸ்ட் எல்லாம் கலந்து தீனி காய்ச்சி ஊற்ற வேண்டும், ஒரு தொட்டியில் வைரஸ் வந்தால் இரண்டே நாளில் புழுவெல்லாம் கறுத்துக் கூழாகித் தொங்கும், அறையையே கழுவி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். இறக்கைச் செதில் வேறு, மாவு மாதிரி காற்றில் மிதக்கும். எனக்கு வந்த தும்மல் இன்றைக்கும் பழைய நோட்டைத் திறந்தால் வருகிறது. பெரிய தொழிற்சாலைகளில் செதிலை உறிஞ்சி எடுக்கத் தனிக் குழாய் அமைப்பே இருக்கிறது, இல்லாவிட்டால் வேலை செய்கிறவர்களுக்கு மூச்சுப் பிரச்சனை.

எனக்கு நம்பிக்கை இருப்பது வேறு ஒரு கூட்டணியில். இந்தப் பொரியாத முட்டைகளில் டிரைக்கோ கார்டு ஒட்டுண்ணி, அதாவது அட்டையில் ஒட்டி வருகிற, பூச்சி முட்டைக்குள் வளர்கிற குட்டிக் குளவி, நன்றாகவே வளரும். நம்மவர்கள் ஏற்கெனவே கார்டு கட்டுகிறார்கள். மலட்டுப் பூச்சியும் கார்டும் சேர்ந்தால் ஒன்றுக்கொன்று ஒத்தாசை.

வாத்தியார்58
பிடி பருத்திக்குப் புழு பழகியதற்கும் இதற்கும் தொடர்பு உண்டா மேடம்? அமெரிக்காவில் பழகவில்லை, இங்கே பழகிவிட்டதே.

ஆமணக்கு
நல்ல இடத்தைத் தொட்டீர்கள் சார். பிடி வயலைச் சுற்றி சாதாரணப் பருத்தி கொஞ்சம் போட்டால், அதில் பிழைக்கிற சாதாரணப் பூச்சிகள், பிடியைத் தாங்கிய அபூர்வப் பூச்சியோடு ஜோடி சேர்ந்து அந்தத் தாங்கும் குணத்தை நீர்க்கச் செய்துவிடும். அரிசோனாவில் விவசாயிகள் அதை ஒழுங்காகப் போட்டார்கள். பிறகு மலட்டுப் பூச்சித் திட்டம் வந்தபோது அனுமதி வாங்கி நிலம் முழுவதும் பிடியே போட்டார்கள், தாங்கிய பூச்சிக்கு ஜோடியாக வானத்திலிருந்து மலட்டுப் பூச்சி விழுந்தது. டாபாஷ்னிக் என்கிற பூச்சியியலாளரின் குழு 2010-ல் வெளியிட்ட கட்டுரையில் பூச்சி 99 சதவீதத்துக்கும் மேல் குறைந்ததாகக் காட்டியிருக்கிறார்கள். இந்தியாவில் பிடி வந்தது 2002-ல், 2010-லேயே குஜராத்தில் ஒற்றை மரபணுப் பருத்தியை இந்தப் புழு தாங்கிவிட்டது என்று செய்தி. ஓரத்தில் போடச் சொன்ன சாதாரண விதையை யார் போட்டார்கள்?

கரிசல்காட்டான்
நான் போடவில்லை. அப்போதெல்லாம் 450 கிராம் பாக்கெட்டோடு 120 கிராம் சின்னப் பொட்டலம் ஒன்று கூட வந்தது. எதற்கு என்று கடைக்காரர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. புழு பிடிக்கிற விதையை வேலை மெனக்கெட்டு எவன் விதைப்பான் என்று பரணில் போட்டுவிட்டேன், எலி தின்றது. ஊரில் பலரும் அப்படித்தான்.

நிலாப்பிறை
அண்ணே :(

கெலோனா_கண்ணன்
ஒரே ஓர் ஆள் கொல்லை மரத்தை விட்டுவிட்டால் என்ன ஆகும் என்று இங்கே வரி போட்டு ஞாபகப்படுத்துகிறார்கள். அங்கே பொட்டலத்தின் மேல் இரண்டு வரி தமிழில் அச்சடித்திருந்தாலே போதும் போலிருக்கிறது.

ஆமணக்கு
அண்ணே, வருகிற பருவத்துக்கு முடிந்ததைச் செய்யுங்கள். கடைசி எடுப்பு முடிந்ததும் பருத்திமாரை வயலிலோ வீட்டோரத்திலோ குவித்து வைக்காதீர்கள், அதில் தங்குகிற காய்க்குள்தான் புழு அடுத்த பருவம் வரை தூங்கும். ஆடு மாட்டை விட்டு மேயவிட்டு, மிச்சத்தை உழுதுவிடுங்கள். ஊரில் ஜின்னிங் மில் இருந்தால் அதைச் சுற்றியும் பொறி வைக்கச் சொல்லுங்கள், விதையோடு வருகிற பூச்சி அங்கிருந்துதான் கிளம்பும். விதைத்து 45 நாளில் ஏக்கருக்கு இரண்டு இனக்கவர்ச்சிப் பொறி. பூ இதழ் பிரியாமல் ரோஜா மொட்டு மாதிரி சுருண்டிருந்தால் பறித்து அழித்துவிடுங்கள், புழு அதற்குள் இருக்கும். பக்கத்து வயல்காரரையும் சேர்த்துக்கொண்டால்தான் இதெல்லாம் பலிக்கும்.

கரிசல்காட்டான்
மார் எல்லாம் உழுதாகிவிட்டது அக்கா, வேலி ஓரம் அடுப்புக்கென்று ஒரு கட்டு மட்டும் வீட்டில் கேட்டு வைத்திருந்தாள், அதையும் எரித்துவிட்டோம். தம்பி வயலுக்கும் சேர்த்துப் பொறி சொல்லியிருக்கிறேன். மாதிரிக்கு ஒன்றை மட்டும் ஜின்னிங் மில் பக்கம் நேற்றே கட்டினேன். காலையில் போய்ப் பார்த்தால் ஏழு பூச்சி. கண்ணன் தம்பி சொன்னதைப் படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை, ஒன்றை எடுத்து பேரன் நோட்டிலிருந்து கிழித்த வெள்ளைத்தாளில் வைத்து நசுக்கிப் பார்த்தேன். சிவப்பெல்லாம் ஒன்றும் இல்லை, அசல் பெரம்பலூர்ச் சரக்கு.